ஒத்திகையில் பத்துக்குப் பத்து

அன்ரோனெற் மிசி சிரித்து நான் கண்டது குறைவு. மன்னார்த் தீவில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பதினொரு வருடம், தலைமை நேர்ஸான அவருக்குக் கீழே அற்றென்டனாக இருந்தவள் நான். ஏச்சு வாங்காத நாள் கிடையாது. ஆனால் ஊசி போடுவதில் அவரைப் போல் கைராசிக்காரரைக் கண்டதில்லை. அதை நானே சொல்கிறேன், வேறு யார் சொல்ல?

தொண்ணூற்றொன்பதில், ஷெல் விழுந்தால் காயக்காரரை எப்படிப் பார்ப்பது என்று ஓர் ஒத்திகை வைத்தார்கள். நேர்ஸ்மாருக்குப் புள்ளி போடும் வேலை மிசிக்கு. காயக்காரராக நடிக்கும் வேலை எங்களுக்கு. எனக்குக் கால் போய்விட்டதாம், நன்றாகவே கத்தினேன். ‘கேற்றைப் பூட்டிச் சொந்தக்காரரை வெளியே நிறுத்துதல்’ என்ற இடத்தில் மிசி பத்துக்குப் பத்து போட்டார். அன்று வெளியே நிற்கச் சொந்தக்காரர் ஒருவருமே இல்லை. அது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

மூன்று மாதத்தில் உண்மையாகவே ஷெல் விழுந்தது. ட்ரக்டரில் பதினாறு பேரைக் கொண்டுவந்தார்கள். பின்னால் ஓடிவந்த சனத்தை வெளியே விட்டுக் கேற்றைப் பூட்டியது நான்தான். கத்தியவர்களையும் இரத்தம் ஓடியவர்களையும் முதலில் எடுத்தார்கள். கடலுக்குப் போகிற தம்பு மட்டும் சுவரோரத்து வாங்குப் பலகையில் சாய்ந்திருந்தார். சட்டையில் ஒரு சொட்டு இரத்தம் இல்லை.

"உங்களுக்கு என்ன செய்யுது?" என்று மிசி கேட்டார்.

"எனக்கு ஒண்டுமில்லை மிசி. பிள்ளையளைப் பாருங்கோ. நான் இருக்கிறன்."

மிசி நம்பிவிட்டார். ஒத்திகையில் அப்படி யாரும் சொல்லவில்லையே. அரை மணித்தியாலம் கழித்து வந்து நாடியைப் பிடித்தபோது அது நின்றிருந்தது. வயிற்றுக்குள்ளே இரத்தம் ஓடியிருக்கிறது என்றார் டொக்டர். பாழாய்ப்போன மனிதன், ஒருதரம் முனகியிருக்கக் கூடாதா என்று எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வரும்.

மறுநாள் மிசி கந்தோருக்குப் போய் அந்தப் புள்ளித்தாளைத் திருப்பிக் கேட்டார். கொழும்புக்கு அனுப்பியாயிற்றாம். "நல்ல புள்ளிதானே மிசி, ஏன் மாத்தப் போறியள்?" என்று கிளாக்கர் வேறு கேட்டார்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, மிசி என்னையும் கூட்டிக்கொண்டு தம்பு வீட்டுக்குப் போனார். அவர் மனைவி செபஸ்தியம்மா கோப்பி கொண்டுவந்தார்.

"பிழை என்னிலைதான்," என்றார் மிசி. அவர் வாயில் அந்தச் சொல்லை நான் அன்றுதான் கேட்டேன்.

"உங்களிலை என்ன பிழை? அந்த மனுசன் வீட்டிலையும் அப்பிடித்தான். ‘ஒண்டுமில்லை’ எண்டு சொன்னாத்தான் நான் பயப்பிடுறனான். அதைச் சொல்லத்தானே மிசி கேற்றடியிலை நிண்டு அவ்வளவு கத்தினனான்."

மிசி தலையைக் குனிந்துகொண்டார். அன்று கேற்றடியில் செபஸ்தியம்மா கத்தியது எனக்குக் கேட்டது. பூட்டை ஒருதரம் இழுத்துப் பார்த்துவிட்டு உள்ளே போனேன்.