மலையோடைக்குப் புறப்பட்ட ரப்பர் படகு

மின்சாரம் நின்று, கடையில் இருந்த போட்டோப் பிரதி இயந்திரங்கள் எல்லாம் ஓய்ந்து கிடந்த ஒரு பங்குனிப் பகலில்தான் மச்சானுக்கு அந்த எண்ணம் வந்தது. மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பல்கலைக்கழகத்துக்குக் கிட்ட அவனுடைய கடை. போனில் ஏதோ காணொளி பார்த்துக்கொண்டிருந்தவன் அதை என் முகத்துக்கு நேரே நீட்டினான். பாறைகளுக்கிடையே நுரைத்து விழும் மலைத் தண்ணீரில், தலைக்கவசம் போட்ட நாலைந்து பேர் ஒரு ரப்பர் படகில் அலறிக்கொண்டு போனார்கள்.

"அத்தான், நுவரெலியா மலையிலை நாங்களும் உப்பிடி ஒருக்காப் போவம்."

வேறு யாரும் என்றால் சிரித்திருப்பார்கள். எனக்கு ஆசை வந்துவிட்டது. நான் பண்டத்தரிப்புப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பிக்கிறவன். ஆற்றின் இளமைப் பருவம், முதுமைப் பருவம் என்று வருடா வருடம் கரும்பலகையில் ஆறு வரைகிறவன். ஆனால் ஓடுகிற ஆற்றில் கால் வைத்ததில்லை. எங்கள் குடாநாட்டில் ஆறு என்று பெயருள்ளது வழுக்கியாறு ஒன்றுதான். மாரியில் கொஞ்ச நாள் ஓடும். மற்ற நேரம் அதற்குள் மாடு மேயும்.

படகு எங்களிடம் இருந்தது. விடுமுறைக்கு வந்துபோன வெளிநாட்டு உறவினர் ஒருவர் விட்டுச்சென்ற, காற்றடிக்கிற மஞ்சள் ரப்பர் படகு. படகு தெரிந்த ஆள்தான் இல்லை. அதற்காக மச்சான் குருநகரில் மீன்பிடிக்கிற அண்ணை ஒருவரைக் கூட்டிவந்தான். அவர் காணொளியை இரண்டு தரம் பார்த்தார்.

"உந்தத் தண்ணி எந்தப் பக்கம் போகுது தம்பி?"

"கீழ்ப்பக்கம் அண்ணை."

"எப்ப திரும்பும்?"

"திரும்பாது."

"அப்ப நாங்கள் எப்பிடித் திரும்பிறது?"

நான் வாயைத் திறந்தேன். நீர்ச்சக்கரம், ஆவியாதல், மழை என்று என்னவெல்லாமோ வந்தன. ஒன்றும் பொருந்தவில்லை. "வான் பிடிச்சு, வானிலை வருவம்" என்றான் மச்சான். அது போதுமென்று அண்ணை சேர்ந்துகொண்டார். தன்னிடமிருந்த செம்மஞ்சள் உயிர்காப்பு அங்கியையும் கொண்டுவந்து தந்தார். ஒன்றுதான் இருந்தது.

பழகுவதற்கு ஓடுகிற தண்ணீர் வேண்டும். அது இல்லாதபடியால், ஓடுகிற வாகனத்தில் பழகுவோம் என்று மச்சான் முடிவெடுத்தான். அயலவர் ஒருவரின் உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டியில் படகை ஏற்றி, சைக்கிள் பம்பால் காற்றடித்து, கயிற்றால் கட்டினோம். திருத்துவதற்காகக் கிண்டிப்போட்ட தோட்டத்து ஒழுங்கைப் பாதை ஒன்று இருந்தது. அதன் பள்ளங்கள்தான் எங்களுடைய பாறைகள். மூன்று பேரும் படகுக்குள் ஏறித் துடுப்பைப் பிடித்துக்கொண்டோம். மச்சான் கட்டளை கொடுத்தான்.

"முன்னுக்கு! முன்னுக்கு! பின்னுக்கு!"

பின்னுக்கு என்பது துடுப்புக்கு. வண்டியோட்டி அது தனக்கு என்று நினைத்துவிட்டார். பெட்டி சட்டென்று பின்னால் போய் வரம்பில் ஏற, கயிறு அறுந்து, படகு எங்களோடு சேர்ந்து ஒரு வெங்காயப் பாத்திக்குள் இறங்கியது. நாங்கள் பயந்துபோய் இன்னும் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தோம். தோட்டக்கார அம்மா மண்வெட்டியோடு ஓடிவந்தார்.

"என்னப்பா, எங்கை வெள்ளம்?"

"நுவரெலியாவிலை அக்கா" என்றான் மச்சான்.

"அப்ப ஏன் என்ரை வெங்காயத்துக்கை நிக்கிறியள்?"

அன்று பின்னேரம் முழுக்க மூன்று பேரும் அவருக்கு வெங்காயம் திரும்ப நட்டுக்கொடுத்தோம்.

செய்தி வீட்டுக்கு வந்துவிட்டது. மச்சானின் தாய், அதாவது என் மாமி, ஏசுவார் என்று பார்த்தேன். அவருடைய காதில் விழுந்தது நுவரெலியா மட்டும்தான்.

"மலைக்கோ போறியள் தம்பி? அங்கை ஓடைக்கரையிலை ஒரு அம்மன் கோயில் இருக்கெல்லே. நானும் வாறன்."

மாமி வந்தால் என் மனைவியும் மாமியின் தங்கச்சிமாரும் வருவார்கள். அவர்கள் வந்தால் பிள்ளைகள், பிள்ளைகளின் மாமனார்மார். புறப்படுகிற காலையில் வான் நிரம்பி வழிந்தது. கூரையில் பாய், கிடாரம், காஸ் அடுப்பு. ரப்பர் படகு முற்றத்தில் கிடந்தது.

"அம்மா, படகு?"

"ஆத்திலை படகு இருக்குந்தானே மோனை. அடுப்பு இருக்குமோ?"

உயிர்காப்பு அங்கியை வைக்கவும் இடமில்லை. அதனால் மச்சான் அதைப் போட்டுக்கொண்டே ஏறினான். வழியில் தேநீர் குடிக்க இறங்கிய இடமெல்லாம் சனம் அவனைப் பார்த்தது. அவன் யாரையும் பார்க்கவில்லை.

கோயிலடியில் ஓடை இரைந்துகொண்டிருந்தது. நான் நினைத்ததைவிடச் சின்னது, நினைத்ததைவிடக் கோபமானது. "இதுதான் இளமைப் பருவம்! பாருங்கோ, பாறையை அரிக்குது!" என்று கத்தினேன். தண்ணீரின் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை. அண்ணை ஒரு கை அள்ளி வாயில் விட்டுப் பார்த்துவிட்டு, "உப்பே இல்லையடா" என்று துப்பினார்.

மச்சான் கால் நனைக்கத்தான் இறங்கினான். பாசிக்கல்லில் வழுக்கி அப்படியே குந்தி இருந்துவிட்டான். இருந்தவன் எழும்பவில்லை, போனான். நீட்டிய காலும் விரித்த கையுமாக, இரண்டு பாறைகளுக்கு நடுவே நுழைந்து, ஒரு சின்ன வீழ்ச்சியில் விழுந்து, மறைந்தான். மாமி "ஐயோ!" என்று குழற, நாங்கள் கரையால் ஓடினோம். வளைவுக்கு அங்காலே, இடுப்பளவு மடுவில், அங்கி கழுத்துவரை ஏற, பலாப்பழம் மாதிரி மிதந்துகொண்டிருந்தான்.

"அடிபட்டதோ மோனை?"

"இல்லை அம்மா."

"குளிருதோ?"

"ஓம்."

"பிறகேன் சிரிக்கிறாய்?"

அவன் பல் கிடுகிடுக்க அங்கியைக் கழற்றி என்னிடம் நீட்டினான். நான் அதைப் போட்டுக்கொண்டு மேலே நடந்துபோய், கண்ணாடியை மனைவியிடம் கொடுத்துவிட்டு, அதே கல்லில் இருந்தேன். என்ன நடந்தது என்று இன்றுவரை சரியாகச் சொல்லத் தெரியாது. குளிர், இரைச்சல், வாய்நிறையத் தண்ணீர், பிறகு வானம். யாரோ அலறிக்கொண்டிருந்தார்கள், அது நான்தான்.

அண்ணை மாத்திரம் மறுத்துவிட்டார். "கடல்லை விழுந்தா வலை போட்டுத் தேடுவாங்கள். உதிலை விழுந்தா எங்கை போய்த் தேடுறது, கொழும்பிலையோ?"

அங்கியைக் காயப்போடலாம் என்று திரும்பினேன். மாமி சேலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகியபடி நின்றார். நெற்றியில் அர்ச்சனைத் திருநீறு.

"தம்பி, உது எனக்கு அளவாயிருக்குமோ?"

நானும் மச்சானும் ஆளுக்கொரு கையைப் பிடித்து அவரைக் கல்லில் இருத்தினோம். கண்ணை மூடி, கைகூப்பியபடியே போனார். மடுவில் நிமிர்ந்ததும் முதலில் கொண்டையைச் சரிபார்த்தார். பிறகு, தங்கச்சிமாருக்குச் சொல்ல வேண்டாம் என்றார். தங்கச்சிமார் ஏற்கெனவே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கரையில் வரிசையாக நின்றார்கள்.