சிவப்பு டேப் சுற்றிய கேபிள்

சிவப்பு டேப் சுற்றிய அந்தக் கேபிள் இன்றைக்கும் கணினிக்குப் பின்னால், எதிலும் கொளுவாமல் தொங்குகிறது. கழற்றியது நானல்ல, அக்கா. மீன்பிடிப் படகுகள் கடலில் எங்கே நிற்கின்றன என்று திரையில் பார்க்கும் அலுவலகம் எங்களுடையது, துறைமுகத்துக்குப் பக்கத்தில். கணினிப் பிரிவில் எனக்கு மேலே இருந்தவர் அக்கா. சல்லி என்ற மீனவக் கிராமத்துக்காரி. அவருடைய தம்பி படகோடு போய்த் திரும்பாமல் அப்போது ஏழு வருடமாகியும், செத்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியையைச் செய்ய அவர் யாரையும் விடவில்லை.

இயங்குதளத்தின் மையநிரலான கேர்னலைப் புதுப்பித்தது நான்தான். இடம் காணாது என்று பழையதை அழித்தும் விட்டேன், அவ்வளவு கெட்டித்தனம்! மறுநாள் பின்னேரம் மூன்று பத்துக்குக் கணினி விழுந்தது. அடுத்த நாளும் அதே மூன்று பத்து. நினைவகத்தை மாற்றினோம், மின்வழங்கியை மாற்றினோம். “பழசை ஏன் பிள்ளை அழிச்சனீ? திரும்பிப் போக ஒரு வழி வேணுமெல்லோ!” என்று அக்கா ஏசித் தள்ளினார். கணினி மறுபடி எழும்ப அரை மணித்தியாலம் எடுக்கும். அதுவரை ஒரு படகும் எங்களுக்குத் தெரியாது. வாடைக்காற்று வேறு தொடங்கியிருந்தது.

மூன்றாம் நாள், திரையில் ஓடும் வரிகளைப் படம் பிடித்தபடி காத்திருந்தோம். கடைசி வரியில் ஒரு படகின் இலக்கம். அதோடு திரை உறைந்தது. படகுகளின் சமிக்ஞையைப் பிடிக்கும், யாரும் கவனிக்காத பழைய வாங்கிக் கருவியிலிருந்து, சிவப்பு டேப் கேபிள் வழியாக வந்த சிதைந்த செய்தி. பழைய கேர்னல் அதைச் சத்தமில்லாமல் தள்ளிவிட்டிருக்கிறது. புதியது தாங்காமல் விழுகிறது.

“ஆற்ற போட் அக்கா?”

“தம்பீன்ர.”

“அப்ப எந்த நாளும் வந்திருக்கு, என்ன?” என்றார் அக்கா மெல்ல. எந்த இடம் என்று அறியும் பகுதி முழுக்கச் சிதைந்திருந்தது. கடற்படைக்கு அறிவித்தோம், தேடினார்கள், ஒன்றுமில்லை. படகிலிருந்த கருவியை யாரோ கண்டெடுத்துப் பாவிக்கிறார்களாக்கும் என்றேன், நானே நம்பாமல்.

கேபிளில் கை வைக்க எனக்குத் துணிவு வரவில்லை. அக்காதான் குனிந்து இழுத்தார். “பதினாலு போட் வெளியில நிக்குது. இருக்கிற ஆக்களைப் பாப்பம், பிள்ளை.” அதன்பிறகு கணினி விழவேயில்லை.

அக்கா இப்போது ஓய்வுபெற்று அன்புவழிபுரத்தில் இருக்கிறார். அவருடைய கதிரையில் நான். பழைய கருவிக்கு இன்னும் மின்சாரம் கொடுத்து வைத்திருக்கிறேன். செய்தி வந்தால் அதன் பச்சை லைற் ஒருதரம் மின்னும். எந்த நாளும் மூன்றேகாலுக்கு அக்கா தொலைபேசி எடுப்பார். “மெசின் விழாம நிக்குதே?” என்றுதான் கேட்பார். “ஓம் அக்கா. இண்டைக்கும் மின்னினது” என்பேன்.

நேற்று மின்னவில்லை. மின்னினது என்று பொய் சொல்லத்தான் நினைத்திருந்தேன். நான் வாய் திறக்க முதலே அக்கா கேட்டார்: “இண்டைக்கு வரேல்லை, என்ன?”

கேபிளின் நுனி என் கையில் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை.

“ஓம் அக்கா.”

“சரி பிள்ளை. அந்தியேட்டிக்கு நாள் பாக்கப்போறன்.”