ஜீவரத்தினம் அண்ணனின் ‘அவசரம்’

ஜீவரத்தினம் அண்ணன் போய்விட்டார்.

காலையில் திருப்பதி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தபோது பழைய ஆபீஸ் குரூப்பில் மெசேஜ் வந்தது. அடுத்தடுத்து கை கூப்பும் படங்கள்... அனுப்பியவர்களில் பாதிப்பேர் அவர் படுத்திருந்தபோது எட்டிப் பார்க்காதவர்கள். நானும் போகவில்லை. எனக்குக் காரணம் இருந்தது.

சித்தூர் தபால் ஆபீஸில் அவருக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்துக் கவுண்டர். அவர் வீட்டில் தெலுங்கு, எங்கள் வீட்டில் தமிழ். ஞாயிற்றுக்கிழமை ஒரே சர்ச்.

மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் தபால் பிரிக்கும் மேஜையில் இரண்டு பைபிள் விரியும். ஒரு வசனம் அவர் தெலுங்கில், அதே வசனம் நான் தமிழில்... ஜன்னல் வெயிலில் தூசி மிதக்கும். பசை வாசனை. இப்போதும் அந்த வாசனை எங்காவது வந்தால் அவர் குரல் கேட்கிறது. வார்த்தைகள் மட்டும் பிடிபடுவதில்லை.

அவருக்கு ஒரு பிடிவாதம். படித்ததை வெளி ஆள் ஒருவருக்காவது சொந்த வார்த்தையில் சொல்லியாக வேண்டும். சொல்லும்வரை அடுத்த அதிகாரத்தைத் திறக்க விடமாட்டார்.

டீக்கடையில் சொல்வோம், பஸ்ஸில் சொல்வோம். லீவு நாட்களில் கங்காதர நெல்லூர்ப் பக்கம் கிராமங்களுக்குப் போவோம்.

அங்கேதான் அந்த வார்த்தை. தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. அண்ணன் தமிழில் பேசும்போதும் அதையேதான் போடுவார். களத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம், கர்த்தருக்கு நீங்கள் அவசரம் என்று உருகிச் சொன்னார்.

பெரியவர் நிதானமாகக் கேட்டார். “அவுருக்கு இன்னா நைனா அவ்ளோ அவசரம்? அறுப்பு முடிச்சிகினு வர்றோம்னு சொல்லு.”

பஸ்ஸில் வழியெல்லாம் நான் சிரித்துக்கொண்டே வந்தேன். அண்ணன் வெளியே பார்த்துக்கொண்டு, “வர்றோம்னுதான தம்பி சொன்னாரு,” என்றார்.

பிறகு அந்த விவகாரம்...

அந்தக் காலத்தில் எல்லை பிரித்தபோது திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போனது, சித்தூர் ஆந்திராப் பக்கம் நின்றது. என் அப்பா, எங்களுக்கு நைனா, அதைக் கடைசிவரை மன்னிக்கவில்லை. அவருக்கு மிஞ்சியிருந்தது ஞாயிறு காலைத் தமிழ் ஆராதனை ஒன்றுதான். ஆள் குறைந்துவிட்டது, தெலுங்கோடு சேர்த்துவிடலாம் என்று சர்ச் கமிட்டி முடிவெடுத்தது. கை தூக்கியவர்களில் அண்ணனும் ஒருவர்.

கேட்டதற்கு, நாலு பேருக்காக எதற்குத் தனியாக என்றார். அந்த நாலு பேரில் ஒருவர் என் நைனா.

மறுநாள் நான் பைபிளை எடுத்துப் போகவில்லை. அப்புறம் திருப்பதிக்கு டிரான்ஸ்ஃபர் வாங்கிக்கொண்டேன். மன்னிப்பைப் பற்றி அவ்வளவு படித்தவன்தான்... இன்னும் ஆறவில்லை. மற்ற கமிட்டிக்காரர்கள் இதைப் படித்தால் படிக்கட்டும்.

நாங்கள் கடைசியாகப் படித்தது எம்மாவு என்ற ஊருக்குப் போகும் இரண்டு பேரின் கதை. தங்கள் ஆண்டவரைப் பறிகொடுத்தவர்கள். பேசிக்கொண்டே நடக்கிறார்கள். கூடவே ஒருவர் நடக்கிறார், யாரென்று தெரியவில்லை. பொழுது சாய்ந்து, சாப்பிட உட்கார்ந்து, அவர் அப்பத்தைப் பிட்டபோது அந்த ஆண்டவரேதான் என்று தெரிகிறது. அதற்குள் அவர் அங்கே இல்லை.

சில நாள் அரைத்தூக்கத்தில் அந்தச் சாலை கங்காதர நெல்லூர் சாலை போலவே வருகிறது. மாமரங்கள், புழுதி, சற்று முன்னால் அண்ணன்...

அந்தக் கதையை நாங்கள் யாருக்கும் சொல்லவில்லை.

போன மாதம் போன் செய்தார். குரல் தேய்ந்திருந்தது. “அடுத்த அதிகாரம் அப்பிடியே கீது தம்பி. அவசரம்... ஒரு தபா வா.”

“எனக்கு அவசரம் இல்லண்ணா.”

“சரேப்பா,” என்றார். வைத்துவிட்டார்.

நான் தமிழில்தான் சொன்னேன்.

அவர் எதில் கேட்டாரோ...

எம்மாவுக் கதையை இங்கே சொல்லிவிட்டேன் அண்ணா. இனி அடுத்ததைத் திறக்கலாம்.

மீரு நாக்கு அவசரம். நீங்கள் எனக்கு அவசரம், உங்கள் தெலுங்கில்.

போய் வாங்க.