அவர் கடைக்குப் போன என் கடிதங்கள்

"ஏட்டி, ஒனக்கு வர்ற லெட்டரு அவரு கைக்கு எதுக்குப் போகணும்?" என்று தோழி செல்வி கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

தேவதானத்தில் எங்கள் வீட்டில் படித்தவள் நான் ஒருத்திதான். வீட்டுக்கு வந்தால் கடிதம் தவறிவிடும் என்று, ராஜபாளையத்தில் ரேடியோ கடை வைத்திருந்த, நான் விரும்பியவரின் விலாசத்தையே வேலைவாய்ப்பு அலுவலகத்தில் கொடுத்திருந்தேன். நான் யாரிடம் பேசினாலும் அவர் துருவித் துருவிக் கேட்பார். அதையும் அன்பு என்றே நினைத்தேன்.

என்னோடு ஒரே நாளில் அங்கே பெயர் பதிந்த செல்விக்கு, ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்டர்வியூ என்று கார்டு வந்தது. எனக்கு வரவில்லை. சந்தேகப்பட்டு ராஜபாளையம் தபால்காரரைக் கேட்டேன். "ரெண்டு கார்டு கடையில குடுத்தேனம்மா" என்றார்.

அவரிடமே போய்க் கேட்டேன். "வேலைக்குப் போயி எம்புட்டுப் பேருகிட்டப் பல்லக் காட்டணும் ஒனக்கு? கிழிச்சுப் போட்டேன்" என்று சிரித்தார்.

மறுநாளே விலாசத்தை மாற்றினேன். அவரை அதன்பின் பார்க்கவில்லை. இப்போது எந்தக் கடிதமும் என் வீட்டுக்குத்தான் வரும். உறையைப் பார்த்து வாங்கி வைக்கும் அளவுக்கு, அம்மாவுக்கு என் பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டேன்.