புதுநன்மை அன்று நீண்ட சாவி

எங்கள் மாதா கோயிலில் பீடத்தை நெருங்க நெருங்கச் சம்பளம் கூடும். வாசகம் வாசிப்பவர் வக்கீல். பாடகர் குழு டாக்டர் வீட்டம்மா கையில். கூலிம் ஊர்த் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் எனக்கும், செம்பனைத் தோட்டத்தில் மருந்தடிக்கும் இன்னொருவருக்கும் வாசல். பச்சை ஜாக்கெட், விசில், கார், வேன் என்று வரும் காடிகளை வரிசையாக நிறுத்திவைக்கும் ஊழியம். பன்னிரண்டு வருஷமாகப் பூசையை ஜன்னல் வழியாகத்தான் கேட்கிறேன். குரு கொடுக்கும் நன்மை அப்பத்தை வாங்க மட்டும் கடைசி ஆளாக உள்ளே ஓடுவேன்.

மகள் முதன்முதலாக நன்மை வாங்கும் நாள் வந்தது. "அன்னிக்கு மட்டும் உள்ள உக்காருங்கப்பா, நான் வாங்கறத நீங்க பாக்கணும்" என்றாள். ஜாக்கெட்டை மோட்டார் சைக்கிள் சீட்டுக்கடியில் பூட்டிவிட்டு இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்தேன். எப்போது மண்டியிடுவது என்பதே மறந்துபோயிருந்தது. முன் பெஞ்சில் பங்குப் பேரவைத் தலைவர். அவர் எழுந்தால் எழுந்தேன், மண்டியிட்டால் மண்டியிட்டேன். ஒருமுறை கால்சட்டையைச் சரிசெய்ய எழுந்தார். கூடவே நானும் எழுந்துவிட்டேன்.

வெள்ளை உடுப்புப் பிள்ளைகள் நன்மைக்கு எழுந்த நேரம், மைக்கில் ஒரு காடி நம்பர். கேட்டை மறித்து நிற்கிறதாம், பக்கத்துக் கடை லாரி வெளியே போக முடியவில்லையாம். யாரும் அசையவில்லை. என் கால்கள் மட்டும் என்னைக் கேட்காமல் எழுந்தன. மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

தலைவர் திரும்பவில்லை. தோளுக்கு மேல் சாவியை மட்டும் நீட்டினார்.

"தம்பி, கொஞ்சம் எடுத்து வெச்சிடு."

பின்னால் எழுந்து நிற்பது யாரென்று அவர் பார்க்கக்கூடத் தேவையில்லை.

'நீங்களே போங்க' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சரிங்கண்ணே" என்றது வாய். அந்தக் காடி நகராவிட்டால் மோட்சத்துக் கதவே அடைபட்டுவிடும் என்பதுபோல ஓடினேன். தினமும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன், பதற்றத்தில் கொளுத்தும் வெயிலில் வைப்பரைப் போட்டுவிட்டேன். திரும்பி வந்தபோது மகள் கைகூப்பி, வாயை மூடியபடி இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் போகும் வழியில், மோட்டாரில் எனக்கும் மனைவிக்கும் நடுவில் இருந்தபடி மகள் கேட்டாள்: "நான் வாங்குனத பாத்தீங்களாப்பா?"

"பாத்தேன்லா. ரிவர்ஸ் எடுக்கறப்ப கண்ணாடியில தெரிஞ்சிச்சு."

அவள் சிரிக்கவில்லை. உண்மையில் காடிக் கண்ணாடியில் தெரிந்தது வியர்த்துப்போன என் மூஞ்சி மட்டும்தான்.

அடுத்த ஞாயிறு ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, அதே காடியைக் கையசைத்து உள்ளே விட்டேன். நல்ல நிழலாகப் பார்த்து.