ஒதிய மரத்தின் இரண்டு பேன்கள்

ஒரகடத்தில் தொழிற்சாலைச் சுவரை ஒட்டி நின்ற ஒதிய மரங்களில் அக்கா கண்டெடுத்த சிலந்திப்பேன் வெறும் கண்ணுக்குத் தெரியாது. நுண்ணோக்கியின் கீழ் புழுவைப் போல நீண்ட உடல். மற்ற சிலந்திப்பேன்களுக்கு உள்ள எட்டுக்குப் பதில் நான்கே கால்கள். அக்கா என்று நான் அழைத்தவர் என் மூத்த ஆய்வாளர். நான் அவருடைய உதவியாளர்.

தளிரில் கிடைத்த பேன்களின் முதுகு வளையங்களில் நுண்ணிய மேடுகள் இருந்தன. மரம் மொட்டையாக நின்ற மாதங்களில் பட்டை இடுக்குகளில் கிடைத்தவற்றுக்கோ வழவழப்பான முதுகு. யாரும் இதுவரை விவரிக்காத இரண்டு இனங்கள் என்று முடிவு செய்து, அளவெடுத்து, படம் வரைந்து, பெயர்களும் யோசித்துவிட்டோம். இரண்டு என்றால் அக்காவின் ஆய்வேடு அந்த ஆண்டே நிறைவடையும். ஒன்று குறைந்தால் இன்னொரு பருவம் முழுவதும் களப்பணி.

கட்டுரையை அனுப்பும் தறுவாயில் அவரே தயங்கினார்.

"சில பேன்கள்ல, இலை இல்லாத காலத்தைத் தாண்டுறதுக்குன்னே பெண் பேன் வேற உருவத்துல வரும். இதுவும் அப்படின்னா?"

"சந்தேகத்தை ஒரு வரி எழுதிடலாமே அக்கா."

"அந்த வரியை யாரும் படிக்க மாட்டாங்க. பேரை மட்டும் எடுத்துக்குவாங்க."

ஒதியக் கிளையை வெட்டி நட்டாலே வேர்பிடிக்கும். இரண்டு குச்சிகளை நன்கு கழுவித் தொட்டிகளில் நட்டு, மெல்லிய துணியால் மூடி, எங்கள் வாடகை அறையின் சன்னலில் வைத்தார். அவை துளிர்த்ததும், ஈர்க்குச்சி முனையில் ஒட்டிய ஓர் இமைமுடியால், வழவழ முதுகுப் பேன்களை ஒன்றின் இலைக்கு மாற்றினார். மற்றதில் எதையும் விடவில்லை. கழுவியதில் ஏதும் தப்பியிருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். தொட்டால் நசுங்கிவிடும் உயிரை அவ்வளவு பதமாகத் தூக்கும் கையை நான் அதன்பின் கண்டதில்லை.

கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் எங்கள் அறைத்தோழி திருநெல்வேலிப் பக்கம். ஷிஃப்ட் முடிந்து வந்தவள் லென்ஸும் கையுமாகக் குனிந்திருந்த அக்காவைப் பார்த்துச் சிரித்தாள்.

"யக்கா, எங்க சூப்பர்வைசரே எங்கள இப்படி உத்துப் பாக்க மாட்டாரு. பேனுக்கு என்ன, ஓவர்டைமா?"

"ஆமா. முட்டை போடுற ஓவர்டைம்."

சில வாரங்களில் புதிய தலைமுறை வளர்ந்தது. அக்கா அறை மேசையில் வைத்திருந்த நுண்ணோக்கியை விட்டு எழுந்து எனக்கு இடம் கொடுத்தார்.

"மேடு இருக்கா, பாரு."

முதுகு முழுவதும் இருந்தது. பேன் விடாத குச்சியோ சுத்தமாக இருந்தது.

"அப்ப ஒரே இனம்தான்" என்றார்.

"ஒரு வருசம் போச்சேக்கா!" என்றாள் தோழி.

"போனா போவுது. வழவழ முதுகுக்காரி யாரோட அம்மான்னு தெரிஞ்சுடுச்சு இல்ல?"

அன்றே இரண்டாவது பெயரை நீக்கினார். அதன் படத்தை முதல் இனத்தின் விவரிப்பிலேயே, இலையற்ற காலத்துப் பெண்ணின் உருவம் என்று சேர்த்தார். பிறகு இலை சேகரிக்கும் பைகளை என்னிடம் நீட்டி, வாலாஜாபாத் பக்கம் காலையில் முதல் பேருந்து எப்போது என்று கேட்டார்.