நொண்டிராஜாவுக்கு ஒரு போத்தல் எண்ணெய்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து கோப்பி வாங்கப் போகிற ஆள் நான். உயர்நிலைப் பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்தவன், ஞாயிறு தவறாமல் தேவாலயத்தில் பூசைக்குப் போகிறவன். அந்த இரண்டு இடத்திலும் எனக்கு யாரும் ஆவியைக் காட்டியதில்லை. இதைப் பாதி படித்துவிட்டு நீங்களும் கோப்பி வாங்கப் போகலாம், எனக்கு வருத்தமில்லை. ஆனால் இது நடந்தது பட்டப்பகலில், மதியம் இரண்டு இருபதுக்கு. என்னோடு இன்னொருவரும் பார்த்தார்.

எண்பதுகளின் கடைசி வருடங்கள். இணையம் என்ற சொல்லே எங்கள் காதில் விழாத காலம். கேலாங் வட்டாரத்தில் வானொலி, தொலைக்காட்சி பழுதுபார்த்துக்கொண்டிருந்த செல்வா தன் வீட்டுக் கணினியில் ஒரு விளையாட்டை ஓட விட்டிருந்தார். நம் கணினியிலிருந்து மோடம் வழியாக அவர் தொலைபேசிக்கு அழைத்து உள்ளே போக வேண்டும். படம் எதுவும் வராது, எல்லாம் எழுத்துதான்: ஒரு ராஜ்யம், ஒரு சந்தை, அதற்குக் கீழே பூதங்கள் இருக்கும் ஒரு பெரிய குகை. செல்வாவிடம் இருந்தது ஒரே தொலைபேசி இணைப்பு என்பதால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஆட முடியும். ஆளுக்கு இருபது நிமிடம் என்று பிரித்துக்கொண்டோம். பள்ளி விட்டு வந்ததும் இரண்டு மணிக்கு என் முறை. எனக்கு அடுத்து, இரண்டு இருபதுக்கு, நொண்டிராஜா என்ற பெயரில் ஆடிய ஒருவரின் முறை. வேடிக்கைக்கு வைத்துக்கொண்ட பெயர் என்றுதான் நினைத்தேன்.

மற்றவர்கள் பூதத்தோடு சண்டைக்குப் போனார்கள். நான் கடை வைத்தேன். நான் போகும் சந்தையை வைத்துத் தேக்கா கடை என்று பெயர் கூடக் கொடுத்தேன். சனிக்கிழமைதோறும் ராஜ்யத்தின் கிடங்குக்குப் புதுச் சரக்கு வரும். முதலில் அழைப்பவருக்கு முதல் உரிமை. கயிறு, ரொட்டி, மூலிகை எல்லாம் மற்ற கடைக்காரர்களுக்கு விட்டுவிட்டு, விளக்கெண்ணெய் முழுவதையும் நான் வாங்கி அடுக்கினேன். குகைக்குள் விளக்கில்லாமல் ஓர் அடி எடுத்து வைக்க முடியாது. ஒரு போத்தல் ஒரு நாளுக்குத்தான் எரியும். குகைக்குள் இருப்பவர் அங்கிருந்தே வாங்கலாம், ஒரு பருந்து கொண்டுபோய்க் கொடுக்கும். நியாயமான விலை மூன்று பொற்காசு.

நொண்டிராஜா தினமும் ஒரு போத்தல் வாங்குவார். ஒருநாள் விலையை ஐந்தாக்கினேன். மறுநாள் கடையில் ஒரு சீட்டு விட்டிருந்தார், ஆங்கில எழுத்தில் தமிழ்: "என்ன வாத்தியாரே, எண்ணெயில நெய் கலந்துட்டீங்களா? அஞ்சு ரொம்ப ஜாஸ்தி லா." நான் எட்டாக்கினேன். "உங்க கடைக்கு வர்றதுக்குப் பூதத்துக்கிட்டயே போயிடலாம், அது கடிச்சாலும் ஒரேயடியாக் கடிக்கும்" என்று எழுதினார். வாய்விட்டுச் சிரித்தேன். என் வீட்டில் நான் சிரித்து வெகுநாளாகியிருந்தது. மனைவி போய்ச் சேர்ந்து இரண்டு வருடம். நாள் முழுக்க என்னோடு பேசியவர்கள் மாணவர்கள் மட்டும், அதுவும் கேள்வி கேட்டால்தான். விலையை ஏற்றினால் நொண்டிராஜா எழுதுவார். எழுத வேண்டும் என்றே ஏற்றினேன். பன்னிரண்டு, இருபது, முப்பது. இதை இன்றுவரை பாவசங்கீர்த்தனத்தில்கூட நான் சரியாகச் சொன்னதில்லை. விளையாட்டுக்கு விலை ஏற்றியது பாவமா என்று சாமியார் கேட்டுவிடுவாரோ என்று பயம்.

நாற்பது ஆனபோது ஒரு செவ்வாய்க்கிழமை. சீட்டில் கிண்டல் இல்லை. "கையில பதினொண்ணுதான் இருக்கு. குகை நடுவுல இருட்டுல நிக்கிறேன் வாத்தியாரே. ஒரே ஒரு போத்தல் அனுப்புங்க, வெளிய வந்துடுறேன்."

நான் தேக்கா சந்தையில் மீன் வாங்கிப் பழகியவன். அங்கே காசில்லை என்று சொல்வதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நாலு அடி நடப்பதும் பேரத்தில் சேர்த்திதான். பின்னால் இருந்து "வாங்க வாங்க, எடுத்துக்குங்க" என்று குரல் வரும்வரை நடக்க வேண்டும். முதலில் கூப்பிடுகிறவன் தோற்றவன். நான் கூப்பிடக்கூடாது என்று உட்கார்ந்திருந்தேன். "நாற்பது. வேண்டாமென்றால் வேறு கடை பாருங்கள்" என்று பதில் எழுதினேன். வேறு கடையில் எண்ணெய் இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

வியாழக்கிழமை உள்ளே போனபோது சீட்டு எதுவும் இல்லை. ஆனால் ஒரு போத்தல் விற்றிருந்தது. வாங்கியவர் நொண்டிராஜா, நேரம் முந்தின நாள் இரண்டு இருபது, பெட்டியில் மூன்று காசு. விலைப்பலகையில் மூன்று என்று இருந்தது. நான்தான் தவறாக மாற்றிவிட்டேன் போலிருக்கிறது என்று மறுபடி நாற்பது போட்டேன். வெள்ளிக்கிழமையும் அதே. ஒரு போத்தல், மூன்று காசு. எவனோ கள்ளத்தனம் செய்கிறான் என்று கோபத்தோடு செல்வாவைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"நொண்டிராஜா எப்படிச் செல்வா என் விலையை மாத்துறார்?"



"சார், உங்களுக்கு யாரும் சொல்லலையா? அவர் செவ்வாய்க்கிழமை சாயங்காலமே தவறிட்டாரு. மூச்சுக் கோளாறாம். நான் புதன்கிழமை எடுப்புக்குப் போய்ட்டு வந்தேன் சார்."

சனிக்கிழமை செல்வா வீட்டுக்குப் போனேன். பதினோராம் மாடி, வெயில் தரையெல்லாம் அடித்துக்கொண்டிருந்தது, கீழே பிள்ளைகள் பந்து விளையாடும் சத்தம். இரண்டு மணிக்கு அந்தக் கணினியிலேயே விலையை நாற்பதாக்கினேன். செல்வா தொலைபேசிக் கம்பியைச் சுவரிலிருந்து உருவி என் கையில் கொடுத்தார். "பிடிச்சுக்குங்க சார், இனி எவன் வர்றான்னு பார்ப்போம்" என்று சிரித்தார். நம்பினால் நம்புங்கள், கம்பி என் கையில் இருந்தது, விசைப்பலகையை யாரும் தொடவில்லை. இரண்டு இருபதுக்குத் திரையில் ஒரு வரி வந்தது. நொண்டிராஜா, எண்ணெய், ஒன்று, விலை மூன்று. செல்வா நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து நின்றார். மலாய்க்காரர்கள் ஐயோ என்பதுபோல "அலாமா" என்றார்.

அடுத்த நாட்களில் நான் என்னவெல்லாமோ செய்து பார்த்தேன். விலையைப் பூஜ்யமாக்கினேன், எடுத்துக்கொள்ளட்டும், காசு வேண்டாம். மறுநாள் பலகையில் மூன்றுதான் இருந்தது, பெட்டியில் மூன்று காசு விழுந்திருந்தது. கடையை மூடினேன், திறந்திருந்தது. கிடங்கிலிருந்த எண்ணெயெல்லாம் அவர் பெயருக்கு அனுப்பினேன். பருந்து திரும்பக் கொண்டுவந்து வைத்துவிட்டது. மன்னியுங்கள் என்று சீட்டு எழுதி வைத்தேன். அதை யாரும் எடுக்கவில்லை. என் கையால் அவருக்கு எதையும் கொடுக்க முடியவில்லை. நாளுக்கு ஒன்று, மூன்று காசு, அவ்வளவுதான்.

பதினாறாம் நாள் படையலுக்குச் செல்வா என்னையும் அழைத்துப் போனார். தோ பாயோவில் மூவறை வீடு. நொண்டிராஜாவின் நிஜப் பெயர் பாலா என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். ஜன்னலோரம் இரும்புக் கட்டில், அதன் மேல் சாய்த்துப் பொருத்திய பலகையில் கணினி, பக்கத்தில் நுனியில் ரப்பர் சுற்றிய ஒரு குச்சி. கப்பல் பட்டறையில் சாரத்திலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாமல் ஆறு வருடம் கிடந்தவர். வாயில் குச்சியைக் கவ்வி ஒவ்வோர் எழுத்தாகத் தட்டியிருக்கிறார். என்னைச் சிரிக்கவைத்த அந்தச் சீட்டுகளை எழுத அவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று நீங்களே பாருங்கள்.

அவருடைய தங்கை மல்லிகா கோப்பி கொடுத்தாள். புகைப்படத்துக்கு முன்னால் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"சார் அண்ணனுக்குப் பழக்கமா?"

"தெரியும்" என்றேன்.

"அந்த விளையாட்டுலதான் நான் நடக்கிறேன்னு சொல்லும் சார். கடைசியில ஏதோ குகையில மாட்டிக்கிச்சாம். எண்ணெய்க் கடைக்காரர் ஒருத்தர் விலையை ஏத்திக்கிட்டே போறாருன்னு சொல்லிச்சு. ஏண்ணே அந்தாளைத் திட்ட வேண்டியதுதானேன்னேன். பாவம்டி, அவருக்குப் பேச ஆளில்ல போல, அதுக்குத்தான் ஏத்துறாரு, ஏத்திட்டுப் போகட்டும்னு சிரிக்குது."

அது நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். கோப்பி நல்லா இருக்கும்மா என்று சொன்னேன்.

விளக்கைக் காட்டி, இது எத்தனை நாளாக எரிகிறது என்று கேட்டேன். எங்கள் வீடுகளில் இந்த வழக்கம் கிடையாது. "அண்ணன் போன அன்னிக்கு ஏத்தினது சார். பதினாறு நாளும் அணைய விடக்கூடாது. இன்னையோட குளிர வெச்சிடணும்" என்றாள்.

நான்கு மணிக்கு வீட்டுக்கு வந்து, அந்த நேரத்துக்குரியவரிடம் கெஞ்சி முறையை வாங்கி, உள்ளே போனேன். இரண்டு இருபதுக்கு ஒரு போத்தல், மூன்று காசு. அதற்குக் கீழே இன்னொரு விற்பனை. ஒரு போத்தல், நாற்பது காசு. பெட்டியில் நாற்பத்து மூன்றும் இருந்தன. கடைசியாகக் கையில் பதினொன்று வைத்திருந்தவருக்கு அவ்வளவு காசு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது, செல்வாவுக்கும் தெரியவில்லை. அந்த இரண்டாவது போத்தல் குகைக்குப் போகவில்லை. விளையாட்டில் இருந்த என் பைக்கு வந்திருந்தது, ஒரு சீட்டோடு.

"வெளிய வந்துட்டேன் வாத்தியாரே. இது உங்களுக்கு. ரொம்ப இருட்டா இருக்கும், வெச்சிக்குங்க."

அதன்பிறகு ஒன்றும் விற்கவில்லை. அடுத்த வருடம் செல்வா கணினியை விற்றுவிட்டார், விளையாட்டும் அதோடு முடிந்தது. அந்தத் திரையை அச்சடித்த தாள் மட்டும் என் பைபிளுக்குள் இருக்கிறது. எழுத்து மங்கிவிட்டது, எனக்கும் கண் மங்கிவிட்டது. எண்பதைத் தாண்டிவிட்டேன். எந்த இருட்டைச் சொன்னார் என்று அவர் எழுதவில்லை. சமீபமாக மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் படுப்பதில்லை. இரண்டு இருபது தாண்டும்வரை விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.